ஏலத்தில் சொன்ன தொகை

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனை முடிவில் போதகர் அறிவிப்பு வாசித்தார். போன டிசம்பர் வெள்ளத்தில் சீயோன்புரத்துக்கு ஆன நஷ்டம் எவ்வளவு, கடலும் மழையும் இப்படியே மாறிக்கொண்டு போனால் இனிமேல் நாம் தாக்குப்பிடிக்க ஆகும் செலவு எவ்வளவு என்று மதிப்பிட ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து வருகிறார்களாம். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு ஒருவர் ஆலயக் கூடத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளம் வந்து ஏழு மாதம் கழித்து நஷ்டம் விசாரிக்க வருகிறார்கள். வருஷ நினைவு நாளில் துஷ்டி கேட்க வந்து, "எப்படி இறந்தார்?" என்று ஆரம்பிக்கிற மாதிரி.

என் நஷ்டத்தை நான் அன்றே எழுதிவிட்டேன். ஃபிரிட்ஜ், மெத்தை இரண்டு, பீரோவின் அடித்தகடு, மோட்டார், அரிசி. நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மாதத்திலிருந்து வரவு செலவு எழுதாமல் படுத்ததில்லை. காணிக்கை, சமையல், மருந்து, வீடு, இதர. ஐந்தே தலைப்பு. ஆறாவதுக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை, ஸ்தோத்திரம்.

திரும்பி வரும்போது லில்லி கூடவே ஒட்டிக்கொண்டு வந்தாள். என் கொழுந்தன் மனைவி. கொழுந்தன் போன பிறகு பக்கத்து வீட்டில் தனியாக இருந்து பிளவுஸ் தைக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒருக்களித்து நடக்கிற சந்துதான் உண்டு. அவள் வீடு எங்கள் வீட்டைவிட ஒன்றரை அடி பள்ளம். கட்டும்போதே சொன்னேன். கேட்டால்தானே.

"அக்கா, பணம் தருவாவளா?"

"கேக்கத்தான் வாராவ. தரதுக்கு இல்ல."

"கேட்டாப் போதுமே. இதுவரைக்கும் யாரு வந்து கேட்டா?"

இந்த மாதிரி ஆட்கள் இருப்பதால்தான் ஆய்வு நிறுவனங்கள் நடக்கின்றன.

ஜூலை 31, புதன்

தவசிக்கனி மேஸ்திரி வந்தார். வீட்டைத் தூக்குவது பற்றிப் பேச நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, சுற்றிலும் உள்ளேயும் நூறு ஜாக்கி கொடுப்பார்களாம். வடக்கத்திப் பையன்கள் ஆளுக்கு நாலு ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் விசில் ஊதினால் எல்லாரும் ஒரே நேரத்தில் கால் சுற்று சுற்ற வேண்டும். ஒருவன் அசந்தாலும் சுவர் விரியும். இப்படியே நாலடி உயரும் வரை ஊதிக்கொண்டே இருப்பார்களாம். உள்ளே காப்பி குடித்துக்கொண்டு இருக்கலாமாம். நான் குடிக்க மாட்டேன்.

நான் போட்ட மதிப்பீடு இரண்டு லட்சத்து அறுபதாயிரம். அவர் சொன்னது நாலு லட்சத்துப் பத்தாயிரம்.

"செப்டிக் டேங்க்க சேத்தியளாம்மா? படிக்கட்டு? வீடு மேல போனா பைப்பு கீழயேவா நிக்கும்?"

சேர்க்கவில்லை. இவ்வளவு நாளும் என்னோடு உட்கார்ந்து கூட்டல் சரிபார்த்த என் வீட்டுக்காரர், இவருக்கும் அது தோன்றவில்லை. உப்புக் கம்பெனியில் முப்பது வருஷம் எடைமேடை எழுதினவர். லாரியை நிறுத்தி எடை போட்டவருக்கு வீட்டை நிறுத்தி யோசிக்கத் தெரியவில்லை.

மேஸ்திரி போன பிறகு இவர் கேட்டார்: "எமிமா, நம்ம வீட்டைத் தூக்கிட்டா தண்ணி எங்கன போவும்?"

"போற எடத்துக்குப் போவும்."

"போற எடத்துலதான் லில்லி இருக்கா."

"அது வேற வீடு," என்றேன். "அவ வீட்டுக் கணக்க அவ போடட்டும்."

வீடு தூக்குவதற்கென்று அஞ்சலகத்தில் மாதாமாதம் கட்டிவருகிறேன். மூன்றில் ஒரு பங்குதான் தேறும் போலிருக்கிறது. இன்னும் சிக்கனம் வேண்டும். இவருடைய சாயங்கால வடை முதலில் போகும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கூத்து. வேறு வார்த்தை இல்லை.

வந்தது ஒரே ஒரு பெண். மிருதுளா என்று பேர். சென்னைப் பெண், முதுகில் பை, கையில் பலகை மாதிரி ஒரு கணினி. அறுபத்துமூன்று வீட்டுக்கும் இவள் ஒருத்தி. கூடத்தில் இரண்டு காற்றாடியில் ஒன்று ஓடவில்லை. முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டாள்.

நஷ்டம் கேட்டாள். சொன்னேன். வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைச் சுத்தம் செய்ய எத்தனை கூலியாள் வைத்தீர்கள் என்று கேட்டாள்.

"நான்தான் செஞ்சேன். ஒம்பது நாள்."

"கூலி கொடுத்தீங்களா ஆன்ட்டி?"

"எனக்கு நானா?"

"அப்போ இதுல பூஜ்யம்தான் வரும்."

சேறு நாறின கையை முகர்ந்து பார்க்காதவள் பூஜ்யம் என்கிறாள். போகட்டும், அவள் தப்பில்லை. பலகைக்கு மூக்கு இல்லை.

அப்புறம் கடைசிக் கேள்வி. சீயோன்புரத்திலிருந்து கடல் வரை பெரிய வடிகாலும், கடைக்கோடியில் தண்ணீர் இறைக்கும் நிலையமும் கட்டினால் வெள்ளம் வராது. அதற்காக உங்கள் வீட்டிலிருந்து ஒரே தடவையாக அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள்? "நிஜமா கேட்கல ஆன்ட்டி. ஒரு கற்பனைதான். வெள்ளம் வராம இருக்கிறது உங்களுக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

வெள்ளத்தை அனுப்பியது நானா, விலை சொல்ல? "ஒண்ணும் தர மாட்டேன்" என்றேன். பூஜ்யம் என்று எழுதிக்கொண்டாள். அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும்.

அதற்குள் ஜெபமணி டீக்கனார் மைக்கைப் பிடித்துவிட்டார். ஆள் ஆளாகக் கேட்டால் சாயங்காலம் ஆகிவிடும், நான் கேட்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்றார். அந்தப் பெண், "சார், கூட்டத்துல கேட்கக் கூடாது, தனித்தனியாதான்..." என்று இழுத்தாள். டீக்கனார் கையில் மைக் போய்விட்டால் போதகராலேயே வாங்க முடியாது. இந்தப் பிள்ளை எம்மாத்திரம்.

எங்கள் சபையில் வருஷாவருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஏலம் விடுகிறவர் அவர்தான். முதல் காய்ப்புத் தேங்காய், சேவல், பூசணிக்காய், தலையணை உறை என்று எது காணிக்கையாக வந்தாலும் ஏலம். முப்பது ரூபாய்த் தேங்காய் ஐயாயிரத்துக்குப் போகும். கேட்கிறது தேங்காய்க்காக இல்லை, ஆண்டவருக்காக. அதனால் சொன்னதைக் கொடுக்காதவர் எங்கள் சபையில் இல்லை. அதிலும் ஒரு முறை உண்டு. ஆகப் பெரிய தொகை சொன்னவர் முதலில் தட்டில் வைப்பார். அவர் வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைப்பார்கள். அதுதான் மரியாதை.

அந்த மனுஷனுக்கு மைக்கைப் பிடித்தால் வேறு எதுவும் வராது. "ஐயாயிரம் ஒரு தரம்! செல்லப்பா வாத்தியார் வீடு ஐயாயிரம்! அதுக்கு மேல?" என்று ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு. கைத்தட்டல். பத்து, பதினைந்து, இருபத்தைந்து. ஒவ்வொருவர் பேரையும் அந்தப் பெண் ஓடி ஓடி எழுதினாள். ஐந்து சொன்ன வாத்தியார் திரும்ப எழுந்து ஐம்பது என்றார். ரேஷன் கடையில் சீனி எடை குறைந்தால் ஊரைக் கூட்டுகிற மனுஷன்.

பின் வரிசையிலிருந்து லில்லி எழுந்து, "நான் முப்பது" என்றாள். கூடமே திரும்பிப் பார்த்தது. பிளவுஸுக்கு இருநூறு ரூபாய் வாங்குகிறவள் முப்பதாயிரமாம்! டீக்கனார் விடுவாரா? "லில்லியம்மா முப்பது! அவிய அக்கா பூஜ்யம்! எமிமாக்கா, கேட்டியளா?" என்று மைக்கிலேயே சொன்னார்.

நானும் ஒன்று சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. லில்லி மட்டும் திரும்ப எழுந்து, "அப்ப எனக்கு நாப்பதுன்னு போடுங்க" என்றாள்.

தொகையை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. செலவானால்தானே எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தலைவலி. தைலம் 45. அது கற்பனைக் கேள்வி என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி ஆராதனைக்குப் பிறகு வந்து அறிக்கையை வாசித்தார். "சீயோன்புரம் மக்களின் பங்களிப்பு விருப்பம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். வீட்டுக்குச் சராசரி இருபத்திரண்டாயிரம்." சொல்லிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். கூரையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தங்கம் இருக்கும் என்று நினைக்கிற பார்வை.

விஷயம் இதுதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேலத்தோப்பில் இதே பெண் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அங்கே வீடு வீடாகப் போய்த் தனியாகக் கேட்டாள். அத்தனை பேரும் கால்காசு கிடையாது என்றிருக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு வடிகால் முழுக்க இலவசம். எங்களுக்கு? கொடுக்க மனமும் வசதியும் உள்ள பகுதி என்று பிரித்து, மக்கள் பங்குத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். சொன்ன தொகையில் பாதி நவம்பர் 30-க்குள் சேர்ந்தால் உடனே வேலை தொடங்கும். சேராவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போகும்.

ஒரே மழைதான் இரண்டு பக்கமும் பெய்கிறது. வாயால் கெட்டது நாங்கள்.

கூடம் முழுக்கச் சத்தம். "நாங்க சும்மா சொன்னோம் சார்", "அது ஏலம் சார்." அதிகாரிக்குப் புரியவில்லை. "ஏலம்னா என்ன சார், கொடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் சபையில் யாரால் பதில் சொல்ல முடியும்?

வாத்தியார் நைசாக என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னும் நாலைந்து பேர் பார்த்தார்கள். என் முந்தானையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

டீக்கனார் வந்தார். காரியம் ஒன்றும் இல்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தாராம். காப்பி குடித்தார். மழை எப்போது வரும் என்று கேட்டார். நான் என்ன வானிலை மையமா.

செப்டம்பர் 28, சனி

டீக்கனார் மறுபடியும். காப்பி, முறுக்கு. எங்கள் வாசல்படியைத் தொட்டுப் பார்த்து, "உங்களுக்குப் பரவால்ல, லில்லி பாடுதான்" என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "முதல்ல ஒருத்தர் வச்சா மத்தவங்க தன்னால வப்பாவ, என்னக்கா?" என்றார்.

"யாரையாவது வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

அக்டோபர் 2, புதன்

உட்கார்ந்து நிதானமாகக் கணக்கு போட்டேன். ஆத்திரம் இல்லை, விரோதம் இல்லை, கணக்கு மட்டும். கடந்த ஐந்து வருஷத்தில் வெள்ளத்தால் எங்கள் வீட்டுக்கு ஆன செலவைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் வருஷத்துக்குப் பதினோராயிரம். அன்று கூடத்தில் சொன்ன தொகையைக் கொடுத்தால் அதைத் திரும்ப எடுக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். எனக்கு இப்போது ஐம்பத்தொன்பது. இவருக்கு சர்க்கரை. கொடுப்பது மடத்தனம். இதில் யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கூட்டல் சரி என்றார். பிறகு, "லில்லி வீட்டையும் சேத்துப் போட்டா?" என்றார்.

"முன்னாடியே சொல்லிட்டேன், அது வேற வீடு."

"சந்துக்கு அங்குட்டுதான எமிமா."

சந்துக்கு அங்கிட்டு ஊரே இருக்கிறது. எல்லாரையும் சேர்த்தால் நான் எந்தப் பேனாவால் எழுதுவது?

அக்டோபர் 6, ஞாயிறு

கோட்டிக்காரி. பச்சைக் கோட்டிக்காரி.

ஆராதனை முடிந்ததும் லில்லி நேராகப் போதகரிடம் போய் ஒரு துணிப்பையைக் கொடுத்திருக்கிறாள். நாற்பதாயிரம். பாதி கொடுத்தால் போதும் என்று அவர் சொல்லியும் கேட்கவில்லையாம். "ஏலத்துல சொன்னது சொன்னதுதான ஐயா" என்றாளாம். மழை வந்தால் முதலில் முழுகுகிற வீட்டுக்காரி, கட்டப்படுமா என்றே தெரியாத வடிகாலுக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, வழியில் பச்சைமிளகாய் பேரம் பேசிக்கொண்டு வருகிறாள்.

மரியாதை என்று ஒன்று இருக்கிறது. பெரிய தொகை சொன்னவர்தான் முதலில் வைக்க வேண்டும். இவள் முந்திக்கொண்டாள். என்னைத் தாழ்த்துவதற்கென்றே செய்த வேலை. வேறென்ன?

அக்டோபர் 11, வெள்ளி

லில்லி பிளவுஸ் கொண்டுவந்து கொடுத்தாள். கக்கத்தில் பிடிக்கிறது, பிரித்துத் தைக்கச் சொன்னேன். கையில் வளையல் இல்லை. கொழுந்தன் போட்டது, ஆறு வருஷமாகக் குளிக்கும்போதுகூடக் கழற்றாத ஜோடி. கேட்டதற்கு மிஷினில் இடிக்கிறது என்றாள். இவ்வளவு நாள் இடிக்காத மிஷின். எளிமையைக் காட்டுகிறாளாம்.

கூலி 200. இதர.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை தொடங்கியது. வாசலுக்கு மணல் மூட்டை எட்டு, 640. சபையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வாத்தியார் பக்கவாட்டுக் கதவு வழியாக வருகிறார், பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகிறார். பக்தி அதிகமாகிவிட்டது, தலையை நிமிர்த்துவதே இல்லை. லில்லிக்குப் பிறகு இதுவரை பணம் வைத்தவர் போதகர் ஒருவர்தான். அவரும் முப்பது நாளில் மாற்றலாகிப் போகப்போகிறவர்.

நவம்பர் 3, ஞாயிறு

கோயிலுக்குப் போக முடியவில்லை. விடியும்போதே தெருவில் முழங்கால் தண்ணீர். வாசற்படி இரண்டு மூழ்கி மூன்றாவதில் நிற்கிறது. எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, ஸ்தோத்திரம்.

லில்லி வீட்டில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே.

இவரும் அடுத்த தெரு ஐசக்கும் போய் தையல் மிஷினைச் சந்து வழியாகத் தூக்கி வந்தார்கள். சந்தில் அது திரும்பவில்லை. லில்லி தண்ணீருக்குள் நின்றுகொண்டு, "அத்தான், வீலு பத்திரம், வீலு பத்திரம்" என்று கத்துகிறாள். மனுஷனுக்கு சர்க்கரை, காலில் புண் வந்தால் ஆறாது. அவருடைய காலைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, சக்கரத்தைப் பற்றித்தான்.

மிஷின் இப்போது என் ஜெப அறையில் இருக்கிறது. முழங்காலிட இடம் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

லில்லி என் சமையலறையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாம்பாருக்குப் பருப்பு அதிகம் என்கிறாள். வந்து ஒரு நாள்தான் ஆகிறது.

மழை விடவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "வளையல வித்தியா, அடகு வச்சியா?"

"வித்துட்டேன்கா. அடகுன்னா மீக்கணுமே. எதுக்கு அந்த வம்பு?"

"ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? அந்த அதிகாரி பாதி போதும்னாரு. யாருமே குடுக்கல. நீ மட்டும் என்ன?"

"நீங்க குடுப்பியல்லா."

"நான் குடுப்பேன்னு யாரு சொன்னா?"

சிரித்தாள். வெங்காயக் கண்ணீரோடு சிரிப்பு. "அக்கா, டீக்கனாரு கத்துனதுக்கா நான் நாப்பது சொன்னேன்? எனக்கு என்ன தெரியும், வடிகால் நல்லதா கெட்டதான்னு? மொத முப்பதுன்னு சொன்னதே வாத்தியார் சொன்ன தைரியத்துல. பொறவு நீங்க எந்திச்சு அவ்வளவு பெரிய தொகைய சொன்னிய. கருவேப்பிலைக்குக் கணக்கு எழுதுற மனுஷி. கணக்குப் பாக்காம ஒரு பைசா சொல்ல மாட்டிய. அக்காவே அம்புட்டு சொல்லுதான்னா அது பெறும்னு தோணிச்சு. அதான் பத்து கூட்டுனேன்."

"நான் கணக்குப் பாக்கல. நீ முப்பதுன்ன ரோசத்துல சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது.

"எனக்கு மட்டுமா? பின்னால இருந்தவுக எல்லாரும் அதத்தான் சொன்னாவ. எமிமாக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

பருப்பைக் குறைக்கச் சொன்னவள் இரண்டு தரம் சாம்பார் வாங்கிச் சாப்பிட்டாள்.

நவம்பர் 6, புதன்

தண்ணீர் இறங்குகிறது. மிருதுளா போன் செய்தாள். இந்த மழைக்கு என்ன செலவு என்று தொடர் ஆய்வாம். மணல் மூட்டை சொன்னேன். பக்கத்து வீட்டம்மா எங்கே தங்கினார் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் என்றேன்.

"அதுக்கு வாடகை, சாப்பாட்டுக் காசு எதாவது கொடுத்தாங்களா ஆன்ட்டி?"

"ஏம்மா, அவ எங்க வீட்டுப் பொம்பள."

"ஓ, ஒரே குடும்பமா? நான் ரெண்டு தனி வீடுன்னு போட்டிருக்கேனே. சரி ஆன்ட்டி, பணம் கைமாறலேன்னா பூஜ்யம்தான்."

போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் சாப்பாடு, இரண்டு காய்ந்த சேலை, இவர் காலில் ஒரு சிராய்ப்பு, ஒரு ஜெப அறை. பூஜ்யமாம். இவர்களுக்கெல்லாம் எவன்தான் கணக்கு சொல்லிக்கொடுத்தானோ?

நவம்பர் 8, வெள்ளி

அஞ்சலகம் போனேன். ஆட்டோ 60. முன்கூட்டியே எடுத்தால் வட்டி குறையும் என்று அந்தக் கண்ணாடிக்காரப் பையன் மூன்று தடவை சொன்னான். ஒரு தடவை சொன்னாலே எனக்குக் கேட்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

ஸ்தோத்திரப் பண்டிகை. வெள்ளச் சேறு நாற்றம் இன்னும் போகவில்லை, அதிலேயே தோரணம் கட்டியிருந்தார்கள். காணிக்கைப் பொருளும் இந்த வருஷம் சவசவ என்று இருந்தது. நாலு தேங்காய், ஒரு சேவல், ஒரு பூசணிக்காய். யாரும் ஏலத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று டீக்கனாருக்கே தெரிந்திருந்தது. பயந்து பயந்துதான் மைக்கைத் தொட்டார்.

"பூசணிக்கா. நம்ம ஐசக் வீட்டுப் பூசணிக்கா. யாராவது... நூறு ரூபா?"

நான் எழுந்து முன்னால் போனேன். கைப்பையிலிருந்து உறையை எடுத்துத் தட்டில் வைத்தேன். கனமாக இருந்ததால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

"எமிமாக்கா," என்றார் டீக்கனார் மைக்கிலேயே, "பூசணிக்காய்க்கு நீங்க இன்னும் வெல கேக்கலயே."

"இது ஆகஸ்ட்ல கேட்டதுக்கு."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். யாரையும் பார்க்கவில்லை. பெரிய தொகை சொன்னவர் முதலில் வைக்க வேண்டும் என்ற முறையை நான் மீறவில்லை, மீறினது லில்லி. அதைச் சபை குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எழுந்தது ஐசக். அவனிடம் இன்று இருந்தது இரண்டாயிரம். மிச்சம் சம்பளத்தன்று என்றான். பிறகு இரண்டு வரிசை. கடைசியில் வாத்தியார், நடு வழியாக, செக் புத்தகத்தோடு. செக் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இரண்டு மாதமாகப் பக்கவாட்டுக் கதவில் நுழைந்திருக்கிறார். எழுதுவதற்கு என்னிடமே பேனா கேட்டார். கொடுத்தேன். திரும்பத் தரவில்லை.

அலுவலகம் கேட்ட பாதி அங்கேயே சேர்ந்துவிட்டது. டீக்கனார் அழுதார். மைக்கை அணைக்காமல் அழுததால் தெருவுக்கே கேட்டது. பூசணிக்காயை எல்லாரும் மறந்துவிட்டார்கள். லில்லி நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நவம்பர் 11, திங்கள்

ரசீது வந்தது. என் பேரை எமிலி என்று போட்டிருக்கிறார்கள். வேலை ஜனவரியில் தொடங்கி அடுத்த மழைக்கு முன்னால் முடியும் என்று அதிகாரி சொன்னாராம். பார்க்கலாம். அவர்கள் முடிப்பதற்குள் கடலே இங்கே வந்துவிட்டால் வடிகால் நீளம் மிச்சம்.

தவசிக்கனி மேஸ்திரி சைக்கிளை நிறுத்தி, "வீட்டத் தூக்கலையாம்மா?" என்று கேட்டார். இருக்கிற உயரம் போதும் என்றேன்.

லில்லி வீட்டைக் கழுவப் போனாள். துடைப்பத்தோடு நானும் போனேன், அவள் கழுவினால் மூலையில் சேறு அப்படியே இருக்கும் என்பதற்காக. ஜெப அறை காலியாகிவிட்டது. மிஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க்கறை. அதற்கும் யாரும் கூலி தரப்போவதில்லை. மதியத்துக்குப் பூசணிக்காய்க் கூட்டு. உப்பு கூட. அவள் சமைத்தது.

சாயங்காலம் கணக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஆகஸ்ட் நாலாம் தேதி அஞ்சலகத்தில் அவ்வளவுதான் இருந்தது. அதற்கு மேல் இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. நல்லவேளை, இல்லை.

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "காணிக்கையில எழுதப்போறியா?"

"அது கடல்ல போய் விழுற வடிகால். ஆண்டவர் கேட்டாரா?"

"அப்ப இதரவா?"

இதரவில் பிளவுஸ் கூலி இருக்கிறது, தைலம் இருக்கிறது. இவ்வளவு பெரிய தொகை அங்கே எழுதினால் அசிங்கமாக இருக்கும். வீடு என்ற தலைப்பில் எழுதிக் கோடு போட்டேன்.

எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த வீடு?" என்றார்.

சர்க்கரை மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன்.